ஒளித்துளியும் ஒற்றனும்

இரகசியம் காப்பதற்கு மனிதர் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறு, பூட்டுக்கும் கள்ளச் சாவிக்கும் இடையறாது நடந்துவரும் போட்டியின் வரலாறே எனலாம். அரசர் ஓலைக்கு முத்திரையிட்டனர். முத்திரை குலையாமல் ஓலையைப் படிக்கும் வித்தையை ஒற்றர் பயின்றனர். எழுத்துக்கு எழுத்து மாற்றிவைக்கும் சங்கேத லிபி தோன்றியது. அதனை அவிழ்க்கும் கணிதமும் கூடவே பிறந்தது. ஒவ்வொரு காலத்திலும் பூட்டுச் செய்தவன், இது திறக்க இயலாதது என்றான். ஒவ்வொரு காலத்திலும் ஒருவன் வந்து திறந்தான்.

இந்நிலையில், எவராலும் திறக்க இயலாத பூட்டு ஒன்று மெய்யாகவே உண்டு, அதன் வலிமை மனிதனின் கெட்டித்தனத்தில் அன்று, இயற்கையின் விதியிலேயே தங்கியிருக்கிறது என்று விஞ்ஞானிகள் கூறுவாராயின் நாம் வியப்படையாதிருக்க முடியுமா? குவாண்டம் சங்கேதவியல் எனும் துறை சொல்வது இதுவே. அதனிலும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. 2011-ஆம் ஆண்டிலே சிங்கப்பூரில், இயற்கையின் விதி எள்ளளவும் வழுவாதிருக்கவே, அந்தப் பூட்டு முழுமையாகத் திறக்கப்பட்டது. இவ்விரண்டு கூற்றும் ஒருங்கே உண்மையாவது எவ்வாறு என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இராஜதந்திரிகளுக்கும் சேனாதிபதிகளுக்குமே உரிய விஷயம் இது என்று தள்ளிவிட வேண்டாம். கொழும்பிலே கடையில் வேலை பார்க்கும் மகன், தலவாக்கலைத் தோட்டத்து லயத்திலிருக்கும் தாய்க்குக் கைபேசி வழியே பணம் அனுப்புகிறான். மத்திய கிழக்கில் வீட்டுப்பணி புரியும் பெண்ணின் சம்பளம் கடல் கடந்து வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. இவற்றுக்கெல்லாம் காவலாக நிற்பது ஓர் எண்கணிதச் சிரமம். இரண்டு பெரிய பகாவெண்களைப் பெருக்குதல் எளிது. பெருக்கி வந்த விடையை மட்டும் கொடுத்து, அவ்விரண்டு எண்களும் யாவை என்று கேட்டால் உலகத்துக் கணினிகள் யாவும் திணறும். இத்தத்துவத்தின்மேல் அமைந்த பூட்டு 1977-இல் உருவாயிற்று. ஆனால் 1994-இல் பீட்டர் ஷோர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், குவாண்டம் கணினி என்றொன்று போதிய அளவிற் பெரிதாகக் கட்டப்படுமாயின் அச்சிரமம் சிரமமேயன்று என நிறுவிவிட்டார். அத்துணைப் பெரிய கணினி இன்னும் கட்டப்படவில்லை. ஆயினும், இன்று கம்பியிலே செல்லும் பூட்டிய செய்திகளை அப்படியே சேமித்து வைத்து, கணினி வந்தபின் திறந்து படிக்கலாமல்லவா? பத்தாண்டுக்குப் பின்னும் இரகசியமாயிருக்க வேண்டிய வைத்தியப் பதிவுகளும் அரசாங்கக் கோவைகளும் இன்றே ஆபத்திலிருக்கின்றன என்பதற்கு இதுவே காரணம்.

பெங்களூரில் அரங்கேறிய கருத்து

குவாண்டம் சங்கேதவியலின் மூலப் பத்திரம் வெளியான இடம் லண்டனன்று, நியூயோர்க்கும் அன்று. 1984-ஆம் ஆண்டு டிசெம்பரில் பெங்களூரிலே கூடிய கணினி, சமிக்ஞை பற்றிய சர்வதேச மாநாடொன்றின் தொகுப்பில், 175-ஆம் பக்கம் தொடங்கி 179-ஆம் பக்கம் முடிய, ஐந்தே பக்கங்களில் அது அச்சாயிற்று. எழுதியவர் இருவர்: அமெரிக்க ஐ.பீ.எம். ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் பென்னற், கனடாவின் மொன்றியல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜில் பிராசார்ட். இன்று உலகெங்கும் வழங்கும் அம்முறைக்கு, இருவர் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் சேர்த்து ‘பீ.பீ.84’ என்றே பெயர்.

இருவரும் சந்தித்த கதை சுவையானது. 1979-ஆம் ஆண்டு ஒக்டோபரில், போட்டோ ரிக்கோத் தீவின் சான் வான் நகரில் நடந்த ஒரு மாநாட்டின்போது பிராசார்ட் கடலிலே நீந்திக்கொண்டிருந்தார். முன்பின் அறியாத ஒருவர் நீந்தி அருகே வந்து, கள்ளநோட்டு அடிக்க முடியாத குவாண்டம் பணநோட்டு ஒன்றைப் பற்றி விளக்கத் தொடங்கினார். அவரே பென்னற். பணநோட்டுக் கருத்து பென்னற்றின் சொந்தமன்று. அவருடைய நண்பர் ஸ்டீபன் வீஸ்னர் மாணவராயிருந்த காலத்தில் எழுதியது. பத்திரிகை ஏற்காமையால் அது பல ஆண்டுகள் மேசையறையிலேயே கிடந்து, 1983-இலேதான் அச்சேறியது. கரைக்கு வந்து சேர்வதற்குள் இருவரும் கூட்டாளிகளாகிவிட்டனர். ஐந்தாண்டுக்குப் பின், பெங்களூர் மாநாட்டுக்கு அழைக்கப்பெற்ற பிராசார்ட், விரும்பிய பொருளிற் பேசலாம் என்ற சலுகை இருந்தமையால் இதனையே எடுத்துச் சென்றார்.

சர். சி. வி. இராமன் 1948-இல் நிறுவிய ஆராய்ச்சி நிலையமும் அதே பெங்களூரில் இருப்பது. அவ்விடத்து ஆய்வாளர்கள் 2021-இல் இரு கட்டடங்களுக்கிடையே வெறுங்காற்றின் ஊடாக இம்முறையிற் சாவி பரிமாறிக் காட்டினர். மாநாட்டு மண்டபத்திலிருந்து நகரின் மறுபுறம் சென்று சேரக் கருத்துக்கு முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின போலும்!

ஒன்றே ஒன்றான பொருள்

நிற்க. அம்முறைதான் யாது?

நமது மலைநாட்டு இரயில் பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரு வண்டிகள் ஒரே துண்டிற் புகாதிருக்க நெடுங்காலமாக அங்கே வழங்கி வந்த உபாயத்தை வாசகர்கள் பலர் ஸ்டேஷனில் நின்று பார்த்திருப்பீர்கள். பெரிய வளையமொன்றில் தொங்கும் பையில் ‘டபிளட்’ எனப்படும் உலோகத் தட்டு இருக்கும். தலவாக்கலைக்கும் வட்டகொடைக்கும் இடையே வண்டி ஓட்டுவதாயின் அத்துண்டுக்குரிய தட்டு சாரதியின் கையில் இருத்தல் வேண்டும். இரு நிலையங்களின் பெட்டிகளும் கம்பியாற் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒரு தட்டு வெளியே இருக்கும்வரை மற்றொன்று வெளிவராது. ஒருவன் கையில் இருந்தால் மற்றவன் கையில் இல்லை.

‘போட்டன்’ என்று பாடநூல் கூறும் ஒளித்துளியும் அத்தகையதே. தந்தியிலே செல்லும் மின்சாரத்தைச் சிறிது கிள்ளியெடுத்து ஒட்டுக் கேட்கலாம். மிகுதி வழமைபோற் போய்ச் சேரும். ஒற்றை ஒளித்துளியைக் கிள்ள முடியாது. எடுத்தால் முழுமையாக எடுக்க வேண்டும். எடுத்தால் அது போய்ச் சேராது. பிரதி செய்துவிட்டு மூலத்தை அனுப்பலாமே எனின், அறியாத நிலையிலுள்ள ஒரு குவாண்டம் பொருளைப் பிழையின்றிப் பிரதி செய்தல் எக்காலத்தும் இயலாது என்று 1982-இல் நிறுவப்பட்டுள்ளது.

தலவாக்கலையிலிருக்கும் வள்ளி, ஹட்டனிலிருக்கும் வேலனுக்கு ஓர் இரகசியச் சாவியை அனுப்புவதாகக் கொள்வோம். சாவி என்பது 0, 1 என்ற இலக்கங்களின் நீண்ட வரிசை. ஒளித்துளிக்கு அதிரும் திசை ஒன்றுண்டு. அதனை முனைவாக்கம் என்பர். வள்ளி சிலபோது ‘கூட்டற்குறி’ முறையைக் கைக்கொள்கிறாள்: கிடையாக அதிர்ந்தால் 0, நேர்குத்தாக அதிர்ந்தால் 1. சிலபோது ‘பெருக்கற்குறி’ முறை: இடப்புறம் சாய்ந்தால் 0, வலப்புறம் சாய்ந்தால் 1. எந்த முறை என்பதை ஒவ்வொரு துளிக்கும் நாணயம் சுண்டிப் பார்ப்பதுபோலத் தற்செயலாய்த் தெரிந்தெடுக்கிறாள். வேலனும் தன் பங்குக்கு நாணயம் சுண்டி ஒரு முறையைத் தெரிந்து அளக்கிறான். இருவர் முறையும் ஒன்றாயின் விடை ஒன்றாயிருக்கும். வேறாயின் வேலனுக்குக் கிடைப்பது வெறும் குருட்டு விடை. பின்னர் இருவரும் தொலைபேசியில் பகிரங்கமாகவே, எந்தத் துளிக்கு எந்த முறை என்பதை மட்டும் ஒப்பிட்டு, முறை பொருந்தாதவற்றை நீக்கிவிடுகின்றனர். இலக்கம் என்ன என்பதை வாய்விட்டுச் சொல்வதில்லை. எஞ்சியதே சாவி.

இடையிலே கொட்டகலையில் ஓர் ஒற்றன் நின்று துளிகளைப் பிடிப்பானாயின், அவனுக்கும் முறை தெரியாது. பாதித் தடவை பிழையான முறையில் அளப்பான். அளந்ததும் துளியின் பழைய நிலை அழிந்துவிடும். தான் கண்டதை வேலனுக்கு மீள அனுப்புவான். கணக்கிட்டுப் பார்த்தால், எஞ்சிய சாவியில் நான்கில் ஓர் இலக்கம் பிழைத்துப்போகும். ஆகவே வள்ளியும் வேலனும் சாவியிலிருந்து சில இலக்கங்களைப் பலியிட்டு ஒப்பிட்டால் போதும். 40 இலக்கங்களை ஒப்பிட்டும் ஒற்றன் அகப்படாமல் தப்பும் வாய்ப்பு ஒரு இலட்சத்தில் ஒன்று. உயர்தர வகுப்பு மாணவர் முக்காலை 40 தடவை பெருக்கி இதனைச் சரிபார்க்கலாம்.

ஒற்றன் இருப்பதை அறிந்தால் அச்சாவியை எறிந்துவிட்டு வேறு சாவி அனுப்புவர். செய்தி இன்னும் போகவில்லை. ஆதலால் நட்டம் எதுவுமில்லை. ஒற்றனில்லாது கிடைத்த சாவியை ஒருமுறை மட்டும் உபயோகித்துச் செய்தியை மறைத்தால், அது திறக்க இயலாதது என்பதைக் குளோட் ஷனன் 1949-லேயே நிறுவியிருந்தார். சாவி செய்தியளவு நீளமாயிருக்க வேண்டும் என்பதொன்றே நிபந்தனை. முழு முறையின் பாதுகாப்புக்கும் கணித நிரூபணம் 1990-களின் பிற்பகுதியில் எழுந்தது. 2000-ஆம் ஆண்டில் ஷோரும் பிரெஸ்கிலும் அதனை எளிமைப்படுத்தி, பிழைவிகிதம் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினொன்றுக்கு உட்பட்டிருக்குமாயின் பழுதற்ற சாவி பெறலாம் எனக் காட்டினர். ஒற்றன் எத்துணைப் பெரிய கணினி வைத்திருந்தாலும் கவலையில்லை. சித்தாந்தம் இவ்வளவே, அதில் இன்றுவரை எவரும் குறை கண்டிலர்.

காது கேளாத ஒற்றன்

தராசின் தத்துவத்திலும் எவரும் குறை கண்டதில்லை. ஆயினும் தோட்டத்து மடுவத்திலே கொழுந்து நிறுக்கும்போது எழும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை.

குவாண்டம் சங்கேதவியலின் முதற் கருவி 1989 ஒக்டோபரில் ஐ.பீ.எம். ஆய்வுகூடத்தில் இயங்கிற்று. ஒளித்துளி கடந்த தூரம் 32.5 சென்ரிமீற்றர், ஒரு முழத்துக்கும் குறைவு. முனைவாக்கத் திசையை மாற்றுதற்கு அதில் உயர் மின்னழுத்தம் தேவைப்பட்டது. அந்த மின்வழங்கிகளோ, திசைக்குத் திசை வெவ்வேறு விதமாக இரைந்தன! பக்கத்து அறையிலிருந்து செவிமடுத்தவனுக்கு எந்த இலக்கம் போகிறது என்பது தெரிந்துவிடும். எனவே தங்கள் கருவி, காது கேளாத ஒற்றனுக்கு எதிராக மாத்திரம் பூரண பாதுகாப்புடையது எனப் பிராசார்ட் பின்னாளில் வேடிக்கையாக எழுதினார். வேடிக்கைதான், ஆனால் பின்வந்த முப்பதாண்டுச் சிக்கல் முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. நிரூபணம் ஒளித்துளியைப் பற்றியது. மின்வழங்கியின் இரைச்சலைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வேறொரு சங்கடம் விளக்கிலே இருந்தது. ஒரு தடவைக்கு ஒரேயொரு துளி என்று கணக்காய் உமிழும் விளக்கு கிடைத்தற்கரியது. ஆகவே லேசர் ஒளியைப் பெரிதும் மங்கச் செய்து, சராசரி ஒரு துடிப்புக்குப் பத்திலொரு துளி என்னும் அளவுக்குக் குறைத்தனர். அப்போதும், நூறு துடிப்பில் தொண்ணூறு வெறுமையாய்ப் போக, ஒன்பது ஒற்றைத் துளியுடன் செல்ல, இருநூறு துடிப்புக்கு ஒன்றில் இரண்டோ மேலோ இருந்துவிடும். இரட்டைத் துளி ஒற்றனுக்குக் கொண்டாட்டம்: ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பலாம். இதற்கு 2003-இலிருந்து 2005-க்குள் மாற்று வழி கண்டனர். வெவ்வேறு பிரகாசமுள்ள போலித் துடிப்புகளை இடையிடையே கலந்து அனுப்பி, ஒவ்வொரு வகையும் எந்த விகிதத்திற் போய்ச் சேருகின்றது என்பதைப் பின்னர் ஒப்பிட்டு ஒற்றனைப் பிடிப்பது அது. சீட்டிலே குறிவைத்துக் கள்ளனைப் பிடிப்பது போன்றதென்க.

சிங்கப்பூரில் நடந்தது

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை உணரியிலே இருந்தது. ஒற்றை ஒளித்துளியை உணர்தல் இலேசான காரியமன்று. அதற்குரிய குறைகடத்திக் கருவியை, சரிவின் விளிம்பில் நிறுத்திய பாறைபோல மின்னழுத்தம் கொடுத்து வைத்திருப்பர். ஒரு துளி பட்டதும் மின்சாரம் மலைச்சரிவுபோற் பெருகி ‘டிக்’ என்று ஒரு குறி தரும். மலைச்சரிவு என்றால் என்ன என்பதை மழைக்காலத்து மலைநாட்டாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நோர்வே நாட்டின் துரொண்ட்ஹைம் நகரில் வாடிம் மக்கரோவ் முதலானோர் இவ்வுணரியை உற்றுநோக்கினர். அதன்மேல் இடையறாது பிரகாசமான ஒளியைப் பாய்ச்சினால் யாது நிகழும்? உணரி குருடாகிவிடும். அதாவது விளிம்பிலிருந்து இறங்கி, ஒற்றைத் துளியை உணரும் ஆற்றலை இழந்து, சாதாரண ஒளிமானியாகிவிடும். அந்நிலையில் ஒரு குறிப்பிட்ட வலிமைக்கு மேற்பட்ட துடிப்பு வந்தாற்றான் ‘டிக்’ எனும், குறைந்தால் மௌனம். கருவியின் எஞ்சிய பாகங்களுக்கோ இந்த ‘டிக்’குக்கும் அந்த ‘டிக்’குக்கும் வேற்றுமை தெரியாது. கடைச்சரக்காக விற்பனையில் இருந்த இரண்டு கருவிகள் இவ்வாறு குருடாக்கப்படலாம் என்பதை 2010-இல், உற்பத்தியாளருக்கு முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு, அக்குழுவினர் வெளியிட்டனர்.

அஃது ஆய்வுகூட மேசைச் சோதனைதானே, ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பில் நடக்குமா என்று கேட்டவர்களுக்கு விடை சிங்கப்பூரில் கிடைத்தது. தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாய் இலங்கும் அந்நாட்டின் தேசிய சர்வகலாசாலையில், குவாண்டம் தொழில்நுட்ப நிலையம் 2007-இல் நிறுவப்பட்டது. அங்கே கிறிஸ்ற்றியன் குர்த்சீபர் குழுவினர் சர்வகலாசாலை வளவின் நான்கு கட்டடங்களூடாக 290 மீற்றர் கண்ணாடி நாரில் சாவி பரிமாறும் இணைப்பொன்றை இயக்கிவந்தனர். நோர்வேக் குழுவினர் விருந்தாளிகளாய் வந்து, இடைவழியில் ஒற்றனின் பெட்டியைப் பொருத்தினர். வீட்டுக்காரரே கள்ளனுக்குக் கதவைக் காட்டிச் சோதிக்கச் சொன்னது விஞ்ஞான உலகுக்கே உரிய பெருந்தன்மை.

ஒற்றன் செய்தது இது. வரும் துளியை அவன் வேலன் வைத்திருப்பது போன்ற உணரியால் அளந்தான். வேலனின் நான்கு உணரிகளையும் பிரகாச ஒளியாற் குருடாக்கினான். தான் கண்ட விடைக்குரிய திசையில் ஒரு வலிய துடிப்பை அனுப்பினான். அத்திசைக்குரிய உணரியை ஒளியின் பெரும்பங்கு அடையும். அது ‘டிக்’ எனும். மற்ற முறைக்குரிய இரண்டு உணரிகளை அதிற் பாதியே அடையும். வரம்பு தாண்டாமையால் அவை வாய்திறவா. எதிர்த்திசை உணரிக்கு ஒன்றுமேயில்லை. விளைவு யாது? வேலன் தன் விருப்பப்படி அளந்ததாக எண்ணுவது முழுவதும் ஒற்றன் அளந்ததன் எதிரொலி. வேலனின் ஏடும் ஒற்றனின் ஏடும் ஒன்றே.

பிழைவிகிதம் ஏறுமே என்பீர்கள். ஏறாது, இங்கேதான் சூட்சுமம். ஒற்றன் பிழையான முறையில் அளந்தபோது வேலனும் அதே பிழையான முறையில் அளந்ததாகவே பதிவாகும். பின்னர் வள்ளியோடு ஒப்பிடும்போது, முறை பொருந்தவில்லையென்று அவ்விலக்கங்கள் தாமாகவே நீக்கப்பட்டுவிடும். ஒற்றனின் கால்தடத்தை வள்ளியும் வேலனுமே கூட்டிப் பெருக்கி அப்புறப்படுத்திவிடுகின்றனர்! அளவிற் சிறிது துளிகள் குறைந்தாலும், நாரிலே துளிகள் தொலைந்துபோதல் வழமையாதலின் ஐயம் எழாது. (சிங்கப்பூர்க் கருவி இரட்டைத் துளிகளை உண்டாக்கி ஒன்றை வள்ளியும் ஒன்றை வேலனும் அளக்கும் வகையைச் சேர்ந்தது, ஆயினும் தர்க்கம் இதுவே.) முழுச் சாவியும் ஒற்றன் கைக்கு வந்தது. உரியவர்கள் கவனித்த எந்த அளவையும் அபாயம் காட்டவில்லை. 2011 ஜூனில் இது வெளியாயிற்று.

இயற்கையின் விதி எங்கே மீறப்பட்டது? எங்குமில்லை. ஒற்றன் எந்தத் துளியையும் பிரதி செய்யவில்லை. வேலனிடம் இருப்பது ஒற்றைத் துளியை அளக்கும் உணரி என்று நிரூபணம் எடுத்துக்கொண்டது. அந்த வேளையில் அவனிடம் அது இருக்கவில்லை, அவ்வளவுதான்.

முன்னே கூறிய டபிளட் முறைக்கும் இத்தகைய ஒரு நாள் வந்ததுண்டு. வேல்ஸ் நாட்டின் அபர்மியூல் என்னும் சிறு நிலையத்தில், 1921 ஜனவரி 26-ஆந் தேதி, ஒரு வண்டி கொண்டுவந்து ஒப்படைத்த தட்டையே நிலையத்தார் அவசரத்தில் அதே வண்டிச் சாரதியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டனர். அடுத்த துண்டுக்குரிய தட்டு என்று எண்ணிய சாரதி பெயரைப் படித்துப் பாராது புறப்பட்டார். எதிரே விரைவண்டி வந்துகொண்டிருந்தது. 17 பேர் மாண்டனர். பெட்டிகள் பிழையின்றியே இயங்கியிருந்தன. ஒரு தட்டு வெளியிலிருக்க மற்றொன்றை அவை விடவில்லை.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

இந்தியா இத்துறையில் இன்று வேகங்கொண்டிருக்கிறது. 2021 மார்ச்சில் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் அகமதாபாத்தில் 300 மீற்றர் தூரம் வெட்டவெளியிற் சாவி பரிமாறினர். 2022 பெப்ரவரியில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் டெல்லி ஐ.ஐ.டி.யும் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் இடையே, ஏற்கெனவே புதைக்கப்பட்டிருந்த கண்ணாடி நாரில், 100 கிலோமீற்றருக்கு மேல் அனுப்பிக் காட்டின. 2023 ஏப்ரல் 19-இல் மத்திய மந்திரிசபை தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003.65 கோடி ரூபாயை அனுமதித்தது. 2,000 கிலோமீற்றர் நீளமுள்ள நகரிடை இணைப்பு அதன் இலக்குகளுள் ஒன்று. குவாண்டம் தொடர்பாடலுக்கான தலைமை மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்திருப்பது தமிழ் மாணவர்கள் கவனிக்கத்தக்கது.

ஆயினும் தூரம் ஒரு பெருந்தடை. சிறந்த கண்ணாடி நாரிலும் 50 கிலோமீற்றருக்குப் பத்திலொரு துளியே மிஞ்சும். 100 கிலோமீற்றரில் நூற்றிலொன்று. 200 கிலோமீற்றரில் பதினாயிரத்திலொன்று. வழியிலே பெருக்கி வைக்கவும் முடியாது. பெருக்குதல் என்பது பிரதி செய்தலல்லவா? ஆகவே இடையிடையே காவல் நிலையங்களை அமைத்து, ஒவ்வொன்றிலும் சாவியைத் திறந்து, அடுத்த துண்டுக்குப் புதிதாய்ப் பூட்டி அனுப்புகின்றனர். சீனத்தின் பெய்ஜிங்-ஷாங்காய் இணைப்பு 2,000 கிலோமீற்றர். அத்தகைய நிலையங்கள் 32. அங்கெல்லாம் காவல் புரிவது இயற்கை விதியன்று; மனிதர்.

வேறும் உண்டு. தொலைபேசியில் பேசுபவன் வேலன்தானா என்பதை வள்ளி எங்ஙனம் அறிவாள்? அதற்கென முன்கூட்டியே ஒரு சிறு இரகசியத்தை இருவரும் நேரிற் பகிர்ந்திருக்க வேண்டும். குவாண்டம் முறை அதனைப் பெருக்கித் தருமேயன்றி இன்மையிலிருந்து உண்டாக்கித் தராது. அன்றியும், சாவி மெதுவாகவே சேர்வதால், ஷனன் கூறியபடி செய்தியளவு சாவியைச் செலவிடாது, சிறு சாவியைக் கொண்டு வழமையான கணிதப் பூட்டையே பூட்டுவோர் பலர். அப்போது பாதுகாப்பும் அக்கணிதப் பூட்டின் அளவினதே. விளம்பரங்களில் இது பெரிய எழுத்தில் அச்சாவதில்லை.

இவற்றையெல்லாம் எண்ணியே, பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன் ஆகிய நாடுகளின் பாதுகாப்பு அமைப்புகள் 2024 ஜனவரியில் கூட்டாக ஒரு கருத்தை வெளியிட்டன: குவாண்டம் சாவி இன்றைய நிலையில் சில குறுகிய தேவைகளுக்கே ஏற்றது, குவாண்டம் கணினிக்கும் அசையாத புதிய கணிதப் பூட்டுகளுக்கு மாறுவதே முதற் கடன். அத்தகைய மூன்று நியமங்களை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்ட்டில் பிரசுரித்துள்ளது. அவற்றுக்குப் புதிய நாரும் உணரியும் வேண்டா. கைபேசியில் மென்பொருளை மாற்றினாற் போதும். குறையென்னவெனின், அவை அசையா என்பது நம்பிக்கையேயன்றி நிரூபணமன்று. நம்மைப் போன்ற சிறிய நாடு எதில் முதலிற் பணத்தைச் செலவிட வேண்டும் என்று என்னைக் கேட்டால், வங்கிகளிலும் அரசாங்கக் கணினிகளிலும் இப்புதிய பூட்டை இடுவதிலேயே என்பேன். குவாண்டம் பெட்டி விற்க ஒருவர் வருவாராயின், உமது பெட்டியை உடைத்துப் பார்க்கும் வேலையை யாரிடம் ஒப்படைத்தீர், அவர் என்ன கண்டார் என்று முதலிற் கேட்க வேண்டும். எவரிடமும் ஒப்படைக்கவில்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

கருவியையே நம்பாத முறை

சிங்கப்பூர்ச் சம்பவத்தினால் துறை சோர்ந்துவிடவில்லை, மாறாகக் கூர்மையடைந்தது. 2012-இல் ஹோய்-குவொங் லோ முதலிய மூவர் ஓர் அழகிய உபாயம் கூறினர். உணரிதானே ஓட்டை? அதனை வேலனிடமிருந்தே எடுத்துவிடுக. வள்ளியும் வேலனும் இருவருமே துளிகளை அனுப்பட்டும். நடுவே கொட்டகலையில் ஒருவன் இரண்டையும் சந்திக்க வைத்து, அவை ஒத்தனவா மாறின்றனவா என்பதை மட்டும் பகிரங்கமாய் அறிவிக்கட்டும். அந்த நடுவன் ஒற்றனாகவே இருந்தாலும், அறிவிப்பிலிருந்து இலக்கம் இன்னதென அறிய மாட்டான்; பொய் அறிவித்தாற் பிழைவிகிதம் காட்டிக்கொடுக்கும். உணரியைக் குருடாக்கும் வழி இதனால் அடியோடு அடைபட்டது. துளியை அனுப்பும் விளக்கை நம்ப வேண்டியிருப்பது மட்டும் எஞ்சிற்று.

அதனையும் நம்பாதிருக்க வழியுண்டா? இரண்டு துளிகள் பின்னிப் பிணைந்த நிலையில் இருக்குமாயின், அவற்றின் விடைகளுக்கிடையே காணப்படும் பொருத்தம், சாதாரணப் பொருள்கள் எவ்வளவு சூதாக ஏற்பாடு செய்யப்பட்டாலும் எட்ட முடியாத ஓர் அளவைத் தாண்டும். ஜோன் பெல் 1964-இல் கண்ட உண்மை இது. ஆர்தர் எக்கேர்ட் 1991-இல் இதனைச் சாவி பரிமாற்றத்துடன் இணைத்தார். சிங்கப்பூர் நிலையத்தின் முதல் இயக்குநராகப் பின்னர் வந்தவரும் அவரே. பொருத்தம் அந்த அளவைத் தாண்டுகின்றதா என்று மட்டும் பார்த்தாற் போதும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அதைச் செய்தவன் நண்பனா பகைவனா என்ற கேள்வியே எழாது. ஆனால் சோதனையின் போது துளிகள் பெரும்பாலும் தொலையாதிருத்தல் வேண்டும். அங்கேதான் முப்பதாண்டுகள் கழிந்தன.

2022 ஜூலையில் இரு குழுவினர் ஒரே வேளையில் இதனைச் செய்துகாட்டினர். ஒன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில், 400 மீற்றர் இடைவெளியுள்ள இரு கட்டடங்களில் ஒவ்வோர் அணுவைச் சிறைப்படுத்தி நடந்தது. சிங்கப்பூர்ச் சர்வகலாசாலையைச் சேர்ந்தோர் அதிலும் பங்குகொண்டனர். மற்றொன்று ஒக்ஸ்போட்டில், ஒரே ஆய்வுகூடத்தில் இரண்டு மீற்றர் தள்ளி வைத்த இரு பெட்டிகளுக்கிடையே நடந்தது. ஏறத்தாழ எட்டு மணித்தியாலம் இயங்கி, பதினைந்து இலட்சம் பிணைப்புகளைச் செலவிட்டு, அவர்கள் பெற்ற சாவி 95 ஆயிரம் இலக்கங்களுக்குச் சற்று மேல். ஓர் எழுத்துக்குறிக்குப் பதினாறு இலக்கமென்று கொண்டால், வாசகர் இப்போது படித்து முடிக்கும் இக்கட்டுரையின் மூன்றிலொரு பங்கைக்கூட மறைத்தனுப்ப அது போதாது.